கொடிக்கு முன்னே பார்வை: கால்பந்து நடுவரும் உதவி நடுவர்களும் பேசிக்கொள்ளும் முறை

மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து மைதானங்களில் கோடையில் நடக்கும் கால்பந்துப் போட்டிகளில், காதில் மாட்டிக்கொண்டு பேசும் கருவி நடுவர்களுக்குக் கிடைப்பதில்லை. 2006 உலகக் கோப்பையிலேயே அது பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்றாலும், நம்மிடம் இருப்பவை விசிலும் இரண்டு கொடிகளும்தான். கோட்டோரத்து மைக்செட்டும் கூட்டத்தின் கூச்சலும் குரலை விழுங்கிவிடுவதால், நடுவரும் கோட்டோரத்தில் கொடி பிடிக்கும் இரண்டு உதவி நடுவர்களும் கண்ணாலும் கையாலும் பேசிக்கொள்ளப் பழகியே ஆக வேண்டும்.

அந்தப் பேச்சு ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே, ஏதாவது ஒரு மர நிழலில் தொடங்க வேண்டும். பெனால்டி எல்லைக்குள் (கோலுக்கு முன்னுள்ள பெரிய கட்டத்துக்குள்) நடக்கும் தவறுகளில் உதவி நடுவர் எந்த அளவுக்குத் தலையிட வேண்டும், பந்து கோட்டைத் தாண்டியதா என்ற ஐயம் வந்தால் என்ன சைகை செய்ய வேண்டும், ஆஃப்சைடு (சக வீரர் பந்தை ஆடும்போது, தாக்கும் வீரர் எதிரணியின் பாதியில் பந்தையும் தடுக்கும் அணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டி நிற்பது) கொடியை நடுவர் பார்க்கவில்லை என்றால் எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும் என்பவற்றை அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். நம் பக்கத்தில் கொடி பிடிக்க வருபவர் பெரும்பாலும் வயதில் இளையவர். 'சார் பார்த்திருப்பார்' என்று தயங்கி நிற்பார். ஆகவே நடுவர்தான் முந்திக்கொண்டு, "தம்பி, நீ பார்த்தது என் கண்ணில் படாமல் போகலாம், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் எப்படியாவது எனக்குத் தெரிவித்துவிடு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இதை நான் வலியோடு கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இறுதியாட்டத்தில், பந்து தாக்கும் அணி வீரரின் கையில் பட்டுக் கோலுக்குள் போனதை நான் காணவில்லை. கோட்டோரத்தில் நின்ற இளைஞர் கண்டார். கொடியைப் பாதி உயர்த்திவிட்டு, நான் அவர் பக்கம் திரும்பாமல் ஓடுவதைப் பார்த்துத் தாழ்த்திக்கொண்டார். மையத்தில் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டேன். இடைவேளையில் அவர் சொன்னபோது, ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு முடிவை மாற்ற விதி இடம் தராது என்பதால் அந்தக் கோல் அப்படியே நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், மையக்கோட்டுக்குத் திரும்புமுன் உதவி நடுவரின் முகத்தைப் பார்க்காமல் நான் ஓர் அடியும் எடுத்து வைப்பதில்லை.

பார்வை சந்திக்க வேண்டுமானால் நிற்கும் இடம் சரியாக இருக்க வேண்டும். நடுவர் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக ஓடினால், பந்து பெரும்பாலும் அவருக்கும் உதவி நடுவருக்கும் இடையில் இருக்கும். உதவி நடுவரோ தடுக்கும் அணியின் கடைசிக்கு முந்தைய வீரருக்கு நேராகவும், பந்து அவரைவிடக் கோல் கோட்டுக்கு அருகே இருந்தால் பந்துக்கு நேராகவும் நிற்க வேண்டும். கொடி எப்போதும் நடுவருக்குத் தெரியும் கையில், விரிந்தபடி இருக்கட்டும். ஆடிக்காற்றில் துணி கம்பில் சுற்றிக்கொள்ளும் என்பதால், உயர்த்துவதற்கு முன் கட்டைவிரலால் தட்டி விரித்துக்கொள்ளப் பழகுங்கள்.

பந்து பக்கக்கோட்டைத் தாண்டியதும் கையால் எறிந்து தொடங்கும் த்ரோ எந்த அணிக்கு என்பதில்தான் நடுவரும் உதவி நடுவரும் அடிக்கடி முரண்படுகிறார்கள். நடுவரின் கை ஒரு பக்கமும் கொடி மறுபக்கமும் போனால், அடுத்த பத்து நிமிடம் இருவரின் எந்த முடிவையும் கூட்டம் நம்பாது. ஐயம் இருந்தால் கொடியைத் தூக்காமல் நடுவரைப் பாருங்கள். அவர் வேண்டுமானால் தொடையோரம் விரலால் திசையைக் காட்டட்டும், பிறகு கொடி அதைப் பின்தொடரட்டும்.

ஆஃப்சைடில் அவசரம் கூடாது. ஆஃப்சைடு நிலையில் நிற்பது மட்டும் குற்றமாகாது. அந்த வீரர் பந்தைத் தொடுகிறாரா, எதிராளிக்கு இடையூறு செய்கிறாரா என்று பார்த்த பிறகே கொடியை நேராக உயர்த்த வேண்டும். விசில் ஒலித்ததும், தவறு எதிர்ப்புறக் கோட்டருகே என்றால் கொடியை மேல்நோக்கிச் சாய்த்தும், நடுவில் என்றால் கிடையாக நீட்டியும், தன் பக்கம் என்றால் கீழ்நோக்கிச் சாய்த்தும் காட்ட வேண்டும். நடுவர் பார்க்கவில்லை என்றால், தடுக்கும் அணி பந்தைத் தெளிவாகக் கைக்கொள்ளும் வரை கொடி இறங்கக் கூடாது. எதிர்ப்புற உதவி நடுவரும் தன் கொடியை உயர்த்தி நடுவரின் கவனத்தைத் திருப்பலாம்.

தவறு நடக்கும்போது உதவி நடுவர் முதலில் தன்னிடமே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: அது நடுவரின் பார்வைக்கு மறைந்ததா, ஆட்டத்தைத் தொடரவிட்டால் தவறுக்கு உள்ளான அணிக்கு அது சாதகமாகுமா? முதலாவதற்கு 'ஆம்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் விடை வந்தால் கொடியை உயர்த்தி லேசாக அசைக்கலாம். தவறு பெனால்டி எல்லைக்குள் என்றால் கோட்டோரமாகக் கார்னர் கொடி நோக்கி நடக்க வேண்டும். எல்லைக்கு வெளியே என்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இந்த நடையும் நிலையும் எந்தச் சொல்லையும்விடத் தெளிவாகப் பேசும்.

தெளிவான கோலுக்குப் பார்வையைச் சந்தித்து மையக்கோட்டை நோக்கி ஓடினால் போதும். கோலுக்குள் போன பந்தைக் காப்பாளர் வெளியே இழுத்துவிட்டார் என்றால் மட்டும், முதலில் கொடியை உயர்த்தி நடுவரைத் தன் பக்கம் திருப்பி, பிறகே கோல் என்று உறுதிசெய்ய வேண்டும்.

சைகை போதாத நேரத்தில் நடுவர் கோட்டோரம் வந்து பேச வேண்டியதுதான். அப்போது வீரர்களை எட்ட நிறுத்தி, இருவரும் மைதானத்தைப் பார்த்தபடி நின்று, யார், எங்கே, என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். கருத்து வேறுபட்டால் இறுதி முடிவு நடுவருடையது. உதவி நடுவரின் முகம் அதைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

கூட்டம் கோட்டின் மேலேயே நிற்கும் மைதானங்களில், ஆட்டம் தொடங்குமுன் அமைப்பாளரிடம் கயிறு கட்டச் சொல்லுங்கள். உதவி நடுவருக்கு ஓட வழியில்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. இடைவேளையில் தண்ணீர் குடித்தவுடனே மூவரும் தள்ளிப்போய் நின்று, முதல் பாதியில் எந்தச் சைகை யாருக்குத் தெரியாமல் போனது என்பதை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். அதை இரண்டாம் பாதி தொடங்குமுன் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது.