நிமோனியா கண்ட குழந்தையை மருத்துவமனையில் சேர்க்கும்போது
காய்ச்சலும் இருமலும் உள்ள குழந்தை அழாமல் இருக்கும் நேரத்தில், சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நிமோனியாவின் அறிகுறியான வேகமூச்சு. மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமற்போனாலோ, மேலூரானாலும் உசிலம்பட்டியானாலும் தயங்காமல் 108-ஐ அழைத்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு வாருங்கள். வீட்டில் ஏற்கெனவே மருந்து கொடுத்திருந்தால், பெயரை நினைவுபடுத்திக் குழம்பாமல் புட்டியையே கொண்டுவந்து காட்டுங்கள்.

விரலில் மாட்டும் கருவி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 90 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் ஆக்சிஜன் தருவார்கள்; கடுமையான நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளான ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் குறைந்தது 5 நாள் ஊசியாகச் செலுத்துவது வழக்கம். காய்ச்சல் இறங்கியதும் வீடு திரும்பத் துடிக்காதீர்கள். மூக்கடைப்பு இருந்தால் உப்புநீர்ச் சொட்டு விட்டபின் தாய்ப்பாலைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள்.