சித்திரை வெயிலில் பொங்கி வழிந்த மாவு

சித்திரை மாதம், மதுரை வெயில். ஞாயிறு சாயங்காலம் அரைத்த இட்லி மாவு, திங்கள் விடிவதற்குள் பொங்கி மேடையெல்லாம் வழிந்து கிடந்தது. ஒரே புளிப்பு. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார்கள். எனக்கு மனசே சரியில்லை.

அளவில் தப்பில்லை. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், எப்போதும் போடுவதுதான். அப்புறம்தான் நினைவுக்கு வந்தது: கிரைண்டரிலிருந்து வழிக்கும்போதே மாவு வெதுவெதுப்பாக இருந்தது. சூட்டில் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகிவிடும்.

புதன்கிழமை உளுந்தை ஃபிரிட்ஜில் ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து அரைத்தேன். உப்பை அப்போதே கரைத்தேன். அது புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். (மார்கழியில் என் மாமியார் காலையில்தான் உப்புப் போடுவார்.) பாத்திரத்தில் பாதி மட்டும் ஊற்றி, தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் வைத்தேன். அரைத்தது இரவு ஒன்பதுக்கு.

வியாழன் காலை மூடியைத் திறந்ததும் வந்த அந்த இளம்புளிப்பு வாசம்! துணியில் ஊற்றிய இட்லி, தண்ணீர் தெளித்ததும் பூப்போல உரிந்து வந்தது. வாசலில் பூக்காரம்மா மல்லியை முழம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் நாலு வைத்துக் கொடுத்தேன்.

"மாவு நல்லா வந்திருக்கு தாயி" என்றார்.