கறுப்பின நாடகாசிரியர்களுக்கு ஊரளவில் ஒரு மூன்று நாள் விழா: இடம் பிடிப்பதிலிருந்து பணம் கொடுப்பது வரை

1926-இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் கறுப்பின நாடகத்துக்கு நான்கு அளவுகோல்களை எழுதி வைத்தார். நம்மைப் பற்றியதாக இருக்க வேண்டும், நம்மவர் எழுதியதாக இருக்க வேண்டும், நமக்காக நடக்க வேண்டும், நமக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். அவர் தொடங்கிய கிரிக்வா நாடகக் குழு நியூயார்க் ஹார்லெமில் 135-ஆவது தெரு நூலகத்தின் அடித்தளத்தில்தான் நடித்தது. இன்று அமெரிக்க ஊர்களில் நடக்கும் சிறு விழாக்கள் பெரும்பாலும் சறுக்குவது நான்காவதில். நாடகங்களை நன்றாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, வாகனம் நிறுத்தக் காசு கேட்கும் நகர மையத்து அரங்கில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

அதனால் முதலில் இடத்தைப் பிடியுங்கள். கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலேயே தேவாலயக் கூடம், நூலக அறை, பள்ளி அரங்கு என 80 முதல் 120 பேர் உட்காரும் இடம் போதும். 300 இருக்கை அரங்கில் 60 பேர் வந்தால் சிரிப்புகூட எழும்பாமல் அடங்கிவிடும். முன்பணம் கொடுக்கும் முன் ஏசியை ஓடவிட்டு, ஒருவரை மேடையில் சாதாரணக் குரலில் படிக்கச் சொல்லி, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். சொற்களின் கடைசி எழுத்துகள் காதில் விழாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

பிப்ரவரியைத் தவிர்ப்பது நல்லது. கறுப்பின வரலாற்று மாதம் என்பதால் நடிகர்கள், இயக்குநர்கள் எல்லோருக்கும் அப்போது நாலு பக்கமிருந்தும் அழைப்பு இருக்கும். மற்ற மாதங்களில் அவர்களைப் பிடிப்பது எளிது. அக்டோபரில் கறுப்பினப் பல்கலைக்கழகங்களின் ஹோம்கமிங் நாட்களை (பழைய மாணவர்கள் திரும்பி வந்து கூடும் விழா) பார்த்து விலகுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாலை 4 மணிக்குத் தொடங்குங்கள். வழிபாடு முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு வர நேரம் வேண்டும்.

முதல் விழாவுக்கு முழுத் தயாரிப்பு வேண்டாம். நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துப் படிக்கும் வாசிப்பு நாடகமாக நடத்துங்கள். முதல் நாள் பழைய ஓரங்க நாடகங்கள், இரண்டாம் நாள் உரிமம் பெற்ற ஒரு முழுநீள நாடகம், மூன்றாம் நாள் உள்ளூர் எழுத்தாளர்களின் புதிய பத்து நிமிட நாடகங்கள் என்று பிரித்தால் கையிருப்புக்குள் அடங்கும்.

பழையவற்றில் ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சனின் ‘ப்ளூம்ஸ்’ நல்ல தொடக்கம். கையிலிருக்கும் சேமிப்பை மகளின் அறுவை சிகிச்சைக்குச் செலவிடுவதா, செத்தால் இறகு சூடிய குதிரைகளோடு சீராக அடக்கம் செய்ய வைத்திருப்பதா என்று தவிக்கும் தாயின் கதை. 1927-இல் அச்சானது, அக்காலத்து வெளியீடுகளுக்குக் காப்புரிமை 95 ஆண்டு என்பதால் இப்போது அமெரிக்காவில் யாரும் உரிமம் இல்லாமல் நடிக்கலாம். இங்கே ஒரு பொறி உண்டு. கணக்கு அச்சான ஆண்டிலிருந்துதான், எழுதிய ஆண்டிலிருந்து அல்ல. கறுப்பினத்தவரைக் கும்பல் சேர்ந்து கொன்ற லிஞ்சிங் கொலைகளைப் பற்றி அவர் எழுதிய நாடகங்களில் பல அப்போது அச்சேறவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் முதல் பதிப்பின் ஆண்டைத் தனித்தனியே பாருங்கள்.

இரண்டாம் நாள் நாடகத்துக்குக் காப்புரிமை வைத்திருப்பவரிடம் உரிமம் வாங்குவது கட்டாயம். நுழைவு இலவசம், வெறும் வாசிப்புதான் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. குறைந்தது மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பக்கத்து நகரத்துப் பெரிய அரங்கு அதே நாடகத்தைப் போடுவதாக இருந்தால் உங்களுக்கு மறுக்கப்படலாம். உரிமம் எழுத்தில் கைக்கு வரும்வரை சுவரொட்டி அடிக்காதீர்கள். வசை என்று ஒரு சொல்லை வெட்டுவதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். ஆகஸ்ட் வில்சனின் நாடகங்கள் நீளமானவை, வார நாள் இரவுக்குப் பொருந்தாது. சூசன்-லோரி பார்க்ஸின் ‘டாப்டாக்/அண்டர்டாக்’ (2002 புலிட்சர் பரிசு) இரண்டே நடிகர்கள் என்பதால் ஆசை காட்டும். ஆனால் அதன் உயிர் சீட்டுக்கட்டு ஆட்டத்தில் இருக்கிறது. கையில் பிரதியைப் பிடித்தபடி சீட்டுப் போட முடியாது. அந்தப் பக்கங்களை மட்டும் மனப்பாடம் செய்ய நடிகர்கள் ஒத்துக்கொண்டால்தான் எடுங்கள்.

புதிய நாடகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் வாங்காதீர்கள். முதல் 100 பிரதிகளோடு வரவை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொன்றையும் மூவர் படிக்க வேண்டும். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று கொண்டு 10 பக்க வரம்பு வையுங்கள். அடிமைத்தனமும் போலீஸ் வன்முறையும் மட்டுமே கறுப்பினக் கதை என்று தேர்வுக்குழு நினைத்துவிடும் அபாயம் உண்டு. காதல், பேய், சமையலறைச் சண்டை, அறிவியல் புனைவு எல்லாம் வந்து குவியும், அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு மாலைக்கு ஆறு நாடகம் போதும்.

வாசிப்புக்கு நடிகருக்கு ஒரு மியூசிக் ஸ்டாண்ட், ஒரு கறுப்பு வளையக் கோப்பு. பிரதி 12 புள்ளி எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சாகட்டும். மேடைக் குறிப்புகளைப் படிக்கத் தனியாக ஒருவர் வேண்டும். எந்தக் குறிப்பைப் படிப்பது, எதை விடுவது என்று ஒத்திகையிலேயே கோடிட்டுக் கொடுங்கள். எல்லாவற்றையும் படித்தால் நாடகம் செத்துவிடும். முழுநீளத்துக்கு 8 மணி நேர ஒத்திகை, பத்து நிமிட நாடகத்துக்கு 2 மணி நேரம்.

அதிகம் கெடுவது விளக்கில். கூடத்தின் வெள்ளை டியூப் லைட்டை மட்டும் போட்டால் கருந்தோல் சாம்பல் பூத்தது போலத் தெரியும், கண்கள் குழிக்குள் போய்விடும். பலர் முன்பக்க வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். முகம் தட்டையாகும், பின்சுவர் பளிச்சென்று எரியும், முகம் இன்னும் இருண்டதாகப் படும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கொடுங்கள். கன்னமும் நெற்றியும் அதில்தான் வடிவம் பெறும். இடவலமாக ஒவ்வொரு விளக்கு தலைக்குச் சற்று மேலே, பின்னாலிருந்து ஒன்று. வெளிர் லாவெண்டர் அல்லது இளம் ஆம்பர் ஜெல் தாள் (விளக்கின் முன் வைக்கும் நிறத்தாள்) போடுங்கள். பச்சை சாயும் நிறம் வேண்டாம். பின்திரை வெள்ளையாக இருக்கக் கூடாது, முழுக் கறுப்பும் கூடாது. அடர் நீலம், செம்பழுப்பு பொருந்தும். நடிகர்களையே நிற்க வைத்துச் சரிபாருங்கள். நிறம் வேறான உதவியாளரை நிற்க வைத்து அமைத்த வெளிச்சம் மாலையில் காலை வாரிவிடும்.

நாடகம் முடிந்ததும் கலந்துரையாடல் 20 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த முறை பயன்படும்: மனதில் தங்கியதைப் பார்வையாளர் சொல்வது, எழுத்தாளர் கேட்பது, பார்வையாளர் சார்பில்லாமல் கேட்பது, கடைசியில் எழுத்தாளர் அனுமதித்தால் கருத்து. நெறியாளர் இல்லாமல் விட்டால் யாராவது எழுந்து எழுத்தாளரை ஒரு இனத்துக்கே பதில் சொல்ல வைப்பார். அந்தக் கேள்வியை நாடகத்தின் பாத்திரங்கள் பக்கம் திருப்பிவிடத் தெரிந்த ஒருவரை நெறியாளராக வையுங்கள்.

எழுத்தாளருக்கும் நடிகருக்கும் பேசிய தொகை கடைசி இரவிலேயே உறையில் இருக்க வேண்டும். புதிய நாடகத்தில் பிற்கால வருமானப் பங்கு கேட்காதீர்கள். ஒளிப்பதிவு செய்தால் எழுத்தாளருக்கு ஒரு நகல் கொடுங்கள். உரிமம் பெற்ற நாடகத்தைப் பதிவு செய்ய அந்த உரிமத்திலேயே தனி அனுமதி இருக்க வேண்டும்.