அரபி கற்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

'கல்பு' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். அது இதயமா, நாயா? தமிழ் எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. இதயம் என்ற சொல்லில் வருவது உள்நாக்குப் பக்கம் பிறக்கும் ஒலி. நாயைக் குறிக்கும் சொல்லில் வருவது நம் 'க'. இரண்டு எழுத்தின் பெயரையும் 'காஃப்' என்றுதான் தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே தமிழில் எழுதி வைத்துக்கொண்டு அரபி படிப்பதை முதலில் விட்டுவிடுங்கள். 28 எழுத்துகள்தான், சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். அரபுத்தமிழில், அதாவது தமிழை அரபி எழுத்தில், எழுதிய நம் முன்னோர் அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளியும் குறியும் சேர்த்துத் தனி எழுத்துகளே உண்டாக்கினார்கள். அந்த அக்கறை நமக்கும் வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, அரபியை ஒரே மொழியாக நினைப்பது. இதயத்தைக் குறிக்கும் அதே சொல் கெய்ரோவில் 'அல்ப்' ஆகிறது. வளைகுடாவில் பல இடங்களில் நாய் 'சல்ப்' ஆகிவிடுகிறது. 'என்ன வேண்டும்?' என்பதற்குப் புத்தகம் 'மாதா துரீது' என்று சொல்லித் தரும். கெய்ரோக்காரர் 'ஆவிஸ் ஏ?' என்பார், வளைகுடாவில் 'ஷ்தபீ?' என்பார்கள். புத்தக அரபி மட்டும் படித்துவிட்டுப் போனால் நீங்கள் பேசுவது அவருக்குப் புரியும், அவர் சொல்லும் பதில்தான் உங்களுக்குப் புரியாது.

1959-ல் மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன், எழுத ஒன்று பேச ஒன்று என்ற இந்த இரட்டை வழக்கை விளக்கியபோது அரபியை முக்கிய எடுத்துக்காட்டாக வைத்தார். வீட்டில் ஒரு தமிழும் பாடநூலில் ஒரு தமிழுமாக வளர்ந்த நமக்கு இதைப் புரியவைக்கவே தேவையில்லை. ஆனால் அரபியில் இடைவெளி எவ்வளவு என்பதை எலினோர் சயீக்-ஹத்தாத்தின் ஆய்வுகள் காட்டின. பாலஸ்தீன அரபி பேசும் 5 வயதுக் குழந்தைகளின் சொற்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் எழுத்து வழக்கிலும் அப்படியே இருக்கிறது. மீதியில் பாதி கொஞ்சம் உருமாறியவை, மறுபாதி முற்றிலும் வேறு சொற்கள். வீட்டு வழக்கில் இல்லாத ஒலிகளைப் பிரித்தறிவதும் அந்தக் குழந்தைகளுக்குக் கடினமாக இருந்தது.

அரபுக் குழந்தைகளுக்கே இப்படி என்றால், வழக்கு மொழியைக் 'கொச்சை' என்று ஒதுக்கிவிட்டு நாம் எப்படிக் கற்பது? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முன்தர் யூனிஸ் இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்கும் முறையைக் கொண்டுவந்தார். படிக்க, எழுதப் புத்தக அரபி. பேச ஒரு வழக்கு. எனக்கு இதுதான் சரியான வழியாகப் படுகிறது. நீங்கள் போகப்போகும் ஊரின் வழக்கு எதுவோ, அதை முதல் மாதமே தொடங்குங்கள்.

அப்புறம், ஜபர், ஜேர், பேஷ்: அதாவது எழுத்துக்கு மேலும் கீழும் இடும் அ, இ, உ குறிகள். இவை வாசிப்புக்கு உதவுகின்றன என்று சலீம் அபூ-ரபீஆ பல ஆய்வுகளில் காட்டினார். தேர்ந்த வாசகர்களை இவை தாமதப்படுத்துகின்றன என்று பின்னால் வந்த சில ஆய்வுகள் சொல்கின்றன. எனவே ஒரு முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். நாளிதழில் இந்தக் குறிகள் இருக்காது. ஒரே பத்தியை இன்று குறியோடும் நாளை குறியில்லாமலும் வாசித்துப் பழகுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இவற்றில் பெரும்பாலானவை அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் செய்த ஆய்வுகள். அவற்றை அப்படியே நமக்குப் பொருத்திவிடக் கூடாது.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதும் வீண் உழைப்புதான். கிதாப், காதிப், மக்தப், மக்தபா எல்லாமே க்-த்-ப் என்ற ஒரே வேரில் பிறந்தவை: புத்தகம், எழுதுபவர், அலுவலகம், நூலகம். வேர் என்பது வெறும் இலக்கணக் கணக்கு அல்ல. அரபியும் பிரெஞ்சும் பேசிய ஒரு நோயாளி, மூளை பாதிப்புக்குப் பிறகு அரபிச் சொற்களில் வேர் மெய்களை இடம் மாற்றிச் சொன்னார். பிரெஞ்சில் அந்த அளவு குழப்பம் இல்லை. இதைப் பற்றிய ஆய்வு 2000-ல் வெளிவந்தது.

தெரிந்த சொல்தானே என்றும் இருந்துவிடாதீர்கள். அரபு நாட்டு விமான நிலையத்தில் 'வுஸூல்' என்று பலகை தொங்கும். நம் 'வசூல்' அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே யாரும் பணம் கேட்கப் போவதில்லை. அதன் பொருள் 'வருகை'.