சனி இரவே ஞாயிறு நற்செய்தி

ஞாயிறு பூசையில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதியைச் சனிக்கிழமை இரவே ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். அப்புறம் பைபிள், காணிக்கை, ஸ்வெட்டர், குடை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவோரம் வையுங்கள். கோத்தகிரிக் குளிரில் காலையில் வெந்நீர் காய்வதற்கே நேரம் போய்விடும். பனிமூட்டம் இறங்கினால் பஸ்ஸும் மெதுவாகத்தான் வரும். மூச்சிரைக்கக் கோவிலுக்குள் நுழைந்தால் முதல் வாசகம் காதில் விழாது. இரவே படித்த வசனமோ மனதில் ஊறியிருக்கும், மறையுரை (சாமியாரின் பிரசங்கம்) நேராக உள்ளே இறங்கும். மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகார உவமையில், மணமகனை எதிர்கொள்ளப் போன ஐந்து கன்னியர் விளக்கோடு எண்ணெயும் கொண்டுபோனது இந்த முன்யோசனையில்தானே! எந்த ஞாயிறுக்கு எந்தப் பகுதி என்பது கத்தோலிக்க நாள்காட்டியிலேயே இருக்கும். டீ ஃபேக்டரியில் சனி நைட் ஷிப்ட் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் 10 நிமிடம் முன்னதாகக் கோவிலுக்குப் போய் அங்கேயே படிப்பது மேல்.