புயலுக்கு முன் நாலு போத்தல் ஐஸ்

புயல் எச்சரிக்கை வந்ததும், வீட்டில் கிடக்கும் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்களைக் கழுவி, குடிதண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் அடுக்கிவிடுங்கள். கழுத்து வரை வேண்டாம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும், நாலு விரல் இடம் விடுங்கள்.

ஒரு கிலோ ஐஸ் உருக இழுக்கும் சூடு, அதே அளவு தண்ணீரை 0இலிருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதும். அதனால்தான் நிரம்பிய ஃப்ரீசர், கதவைத் திறக்காவிட்டால், கரண்ட் இல்லாமலே சுமார் 48 மணித்தியாலம் தாங்கும். பாதி நிரம்பியது 24தான். உள்ளே இருக்கும் மீன் கெடாமல் தப்பும். ஐஸ் உருகினால் குடிக்கலாம், கிணற்றுக்குள் வெள்ளம் புகும் கரையோர வீடுகளுக்கு இதுதான் பெரிய லாபம். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து மட்டக்களப்புக்கோ முல்லைத்தீவுக்கோ போன் எடுக்கும்போது அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

புயலுக்குச் சில மணித்தியாலம்தான் இருக்கிறதென்றால் இது சரிவராது, போத்தல் உறைய ஓர் இரவாவது வேண்டும். அப்போது பானை, வாளிகளில் தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள். இன்சுலினை ஐஸ் போத்தலோடு ஒட்டி வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். ஃப்ரீசருக்குள் வெள்ளம் ஏறியிருந்தால் அந்தப் போத்தல் தண்ணீரையும் குடிக்காதீர்கள்.