இரண்டு மியூவான்களை வைத்துப் புதிய துகளைத் தேடுவது எப்படி?

புதிய துகளைத் தேட ஜெனீவாவில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சிப் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வேலை முடிந்து ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்ததும், ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான்களை மோதவிடும் எல்எச்சி மோதுவியில் பதிவான உண்மையான தரவைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். செர்ன் ஆய்வகம் 2014 நவம்பரிலிருந்து அந்தத் தரவை யாருக்கும் இலவசமாகக் கொடுத்து வருகிறது. பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவம் படிக்கும் என் அக்கா மகள் சனிக்கிழமைகளில் ஃபெரி பிடித்து வந்து கற்றுக்கொள்கிறாள். அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கேயும் சொல்கிறேன். புதியதைத் தேடும் வேலையில் பெரும்பங்கு பழையதை நன்றாகத் தெரிந்துகொள்வதுதான். அதனால் நாம் அதிக நேரம் செலவிடப் போவது பழைய துகள்களோடுதான்.

தேவையானவை

சாதாரண மடிக்கணினி, இணையம், கொஞ்சம் பைத்தான். உலாவியிலேயே பைத்தான் ஓடும் கூகல் கோலாபில் செய்தால் பெரிதாக எதையும் நிறுவ வேண்டாம். செர்ன் திறந்த தரவுத் தளத்தில், எல்எச்சியின் மோதல்களைப் பதிவு செய்யும் சிஎம்எஸ் கருவியின் 2012 'டபுள் மியூ பார்க்டு' என்ற தரவுத் தொகுப்பிலிருந்து மியூவான்களை மட்டும் பிரித்தெடுத்த ஒரு கோப்பு இருக்கிறது. அளவு சுமார் 2 கிகாபைட். உள்ளே ஆறு கோடிக்கும் மேற்பட்ட நிகழ்வுகள், எல்லாம் 8 டிஇவி ஆற்றலில் புரோட்டானோடு புரோட்டான் மோதியவை. (ஜிஇவி என்பது நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட், டிஇவி அதைப் போல ஆயிரம் மடங்கு. துகள் இயற்பியலில் ஆற்றல், உந்தம், நிறை மூன்றையும் இதிலேயே சொல்வார்கள்.) அப்ரூட் என்ற பைத்தான் நூலகம் இந்தக் கோப்பைப் படித்துவிடும். மொத்தத்தையும் ஒரே தடவையில் ஏற்றாமல், பத்து லட்சம் பத்து லட்சமாகப் படியுங்கள்.

ஏன் மியூவான்? எலக்ட்ரானைவிட 200 மடங்குக்கும் சற்றுக் கூடுதலான நிறை கொண்ட துகள் இது. கருவியில் பதிவாகும் மற்ற துகள்கள் அநேகமாக எல்லாம் உட்பகுதியிலேயே நின்றுவிடும். மியூவான் மட்டும் இரும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதனால் வெளி அறைகளில் பதிவாவது அநேகமாக மியூவானாகத்தான் இருக்கும். சிஎம்எஸ்ஸின் நடுப்பகுதியில் அந்த அறைகளை எட்ட ஒரு மியூவானுக்குச் சுமார் 3 ஜிஇவி உந்தமாவது வேண்டும். கருவியின் காந்தப்புலத்தில் மியூவானின் பாதை வளையும், அந்த வளைவிலிருந்துதான் உந்தம் தெரியும். வளைவை அளப்பது உள்ளே இருக்கும் சிலிக்கான் தடங்காட்டி, ஏறத்தாழ 200 சதுர மீட்டர் சிலிக்கான். சிலிக்கானோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்பதால், இந்த எண் எனக்கு ஒவ்வொரு தடவையும் பிரமிப்பைத் தருகிறது.

முதல் படம்

சரியாக இரண்டு மியூவான்கள் உள்ள நிகழ்வுகளை எடுங்கள். ஒன்று நேர் மின்னூட்டம், மற்றது எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒரே தாய்த்துகள் சிதைந்து வந்தவை என்றால், அவற்றின் உந்தங்களிலிருந்து அந்தத் தாயின் நிறையைக் கணக்கிடலாம். கோப்பில் ஒவ்வொரு மியூவானுக்கும் குறுக்கு உந்தம் (கற்றைக்குச் செங்குத்தான உந்தம்), ஈட்டா (கற்றையிலிருந்து எவ்வளவு விலகிப் பறந்தது என்பதற்கான எண்), ஃபை (கற்றையைச் சுற்றிய கோணம்) இருக்கும். இரண்டு குறுக்கு உந்தங்களையும் ஒன்றோடொன்று பெருக்கி, அதை 2-ஆல் பெருக்குங்கள். ஈட்டா வித்தியாசத்தின் கோஷ் (பைத்தானில் cosh) மதிப்பிலிருந்து ஃபை வித்தியாசத்தின் கொசைன் மதிப்பைக் கழித்து, வந்ததை அதோடு பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுத்தால் நிறை கிடைக்கும். மியூவானின் சொந்த நிறை 0.106 ஜிஇவி, 2 ஜிஇவிக்குக் கீழே போகும்போது அதையும் சேர்த்த முழுச் சூத்திரம் வேண்டும்.

கிடைத்த நிறைகளை 0.25 முதல் 300 ஜிஇவி வரை ஹிஸ்டோகிராமாக, அதாவது சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை நிகழ்வுகள் என்று காட்டும் படமாகப் போடுங்கள். இரண்டு அச்சுகளும் மடக்கை அளவில் இருக்கட்டும், இல்லையென்றால் பாதி விஷயம் கண்ணில் படாது.

இப்போது வருவது எனக்கு மிகவும் பிடித்த படம். 1.02 ஜிஇவியில் ஃபை என்ற துகள் (முன்பு சொன்ன கோணம் அல்ல). 3.097-இல் ஊசி மாதிரி நிற்பது ஜே/சை. 1974 நவம்பரில் சாமுவேல் டிங் குழுவும் பர்ட்டன் ரிக்டர் குழுவும் தனித்தனியாகக் கண்டது. குவார்க் என்ற அடிப்படைத் துகளில் சார்ம் என்ற வகை இருப்பதை உலகம் நம்பியது அதற்குப் பிறகுதான், இரண்டே ஆண்டில் நோபல் பரிசு. பக்கத்தில் 3.686-இல் அதன் கிளர்வுற்ற வடிவம். 9.46, 10.02, 10.36-இல் மூன்று உப்சிலான்கள். முதலாவது 1977-இல் ஃபெர்மிலேபில் லீடர்மேன் குழுவுக்குக் கிடைத்தது. கடைசியில் 91.2-இல் அகன்று நிற்கும் இசட், 1983-இல் செர்னிலேயே கண்டது. ஒவ்வொரு முகடும் ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாத புதிய துகள். அவை அத்தனையும் ஒரே படத்தில் உங்கள் மடிக்கணினித் திரையில் வரிசையாக எழும்.

அப்புறம் உடனே வேட்டைக்குக் கிளம்ப வேண்டாம். எங்கள் சோதனைப் பிரிவில், புதிய சிப்பைச் சோதிக்கும் முன் மதிப்புகள் ஏற்கெனவே தெரிந்த ஒரு 'கோல்டன் யூனிட்'டை ஓட்டிப் பார்ப்போம். அதன் எண் சரியாக வந்தால்தான் இயந்திரத்தை நம்புவோம். இங்கே ஜே/சையும் இசட்டும்தான் உங்கள் கோல்டன் யூனிட். ஜே/சை முகடு 3.097-ஐ விட்டு நகர்ந்திருந்தால் சூத்திரத்திலோ தேர்விலோ கோளாறு இருக்கிறது.

முகட்டின் அகலத்தையும் பாருங்கள். ஜே/சையின் இயல்பான அகலம் 0.0001 ஜிஇவிக்கும் குறைவு. படத்தில் தெரியும் அகலம் முழுக்கக் கருவியுடையது. இசட்டின் அகலமோ பெரும்பாலும் அதனுடையதே, சுமார் 2.5 ஜிஇவி. இரண்டு மியூவான்களும் ஈட்டா 1-க்குள், அதாவது கருவியின் நடுவில் இருக்கும் நிகழ்வுகளை மட்டும் எடுத்துப் போட்டால், மூன்று உப்சிலான்களும் இன்னும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். ஓரங்களில் அளவீடு மங்கும். புதிய துகள் ஒன்று வந்தால் அது எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பதை இந்தப் பயிற்சிதான் சொல்லித் தரும்.

"மாமா, இங்கே ஒரு மேடு இருக்கே, இது புதுசா?" என்று அக்கா மகள் கேட்கும்போதெல்லாம் நான் டிரிகரைப் பற்றிப் பேசுவேன். 2012-இல் புரோட்டான் கொத்துகள் நொடிக்குக் கோடிக்கும் அதிகமான தடவை குறுக்கிட்டன. அவற்றில் ஆயிரம் அளவில்தான் சேமிக்க முடிந்தது. எதை வைத்துக்கொள்வது என்று கண நேரத்தில் முடிவு செய்வது டிரிகர். அதன் உந்த வரம்புகள் ஹிஸ்டோகிராமில் படிகளையும் மேடுகளையும் உண்டாக்கும். உந்தத் தேர்வைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். தேர்வோடு சேர்ந்து நகரும் மேடு துகள் அல்ல. துகளின் நிறை இடம் மாறாது. ஒரே மின்னூட்டமுள்ள ஜோடிகளையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். அதிலும் அதே மேடு தெரிந்தால், இரண்டு மின்னூட்டங்களும் ரத்தாகிற நடுநிலைத் துகளிலிருந்து அது வரவில்லை.

தேடல்

உப்சிலானுக்கும் இசட்டுக்கும் நடுவே, 12 முதல் 70 ஜிஇவி வரை உள்ள சரிவு ஆரம்பிக்க நல்ல இடம். இருண்ட ஃபோட்டான் போன்ற கருதுகோள் துகள்களை இங்கேயும் எதிர்பார்க்கிறார்கள்.

முதலில் ஒவ்வொரு பத்தாவது நிகழ்வையும் மட்டும் எடுத்து, தேர்வுகளையும் கட்ட அகலத்தையும் முடிவு செய்து எழுதி வையுங்கள். மீதித் தரவைத் திறந்த பிறகு அவற்றைத் தொடக் கூடாது. இந்த விதியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பார்த்துக்கொண்டே தேர்வை மாற்றினால், எந்தச் சிறு ஏற்ற இறக்கத்தையும் ஊதிப் பெரிதாக்கிவிட முடியும்.

பிறகு ஒரு சிறு சன்னலை, அதாவது நிறை அச்சின் ஒரு சிறு துண்டை, மூடிவிட்டு, இருபக்கமும் உள்ள சரிவுக்கு மென்மையான வளைகோடு பொருத்துங்கள். சன்னலுக்குள் எத்தனை நிகழ்வுகள் இருக்க வேண்டும் என்று அந்தக் கோடு சொல்லும். 400 எதிர்பார்த்தால் இயல்பான தடுமாற்றம் அதன் வர்க்கமூலம், 20. எண்ணியது 460 என்றால் அந்தத் தடுமாற்றத்தின் 3 மடங்கு கூடுதல், அதாவது 3 சிக்மா. தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு சுமார் 740-இல் ஒன்று. ஆனால் நூறு சன்னல்களை இப்படித் தேடினால், எங்காவது ஒன்றில் 3 சிக்மா தென்படும் வாய்ப்பு எட்டில் ஒன்றாகிவிடும். கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அது 35 லட்சத்தில் ஒன்று. இந்தக் கோப்பில் நிகழ்வுகள் ஏராளம் என்பதால், தடுமாற்றத்தைவிட வளைகோட்டின் வடிவப் பிழையே பெரிதாகலாம். இரண்டு மூன்று வகைக் கோடுகளைப் பொருத்தி, விடை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

மேடுகள் எப்படி வந்து போகும் என்பதற்கு இதே 2012-இன் 8 டிஇவி தரவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பி-குவார்க் தாரையோடு (பி வகைக் குவார்க்கிலிருந்து கொத்தாகப் பாயும் துகள்கள்) சேர்ந்து வரும் மியூவான் ஜோடிகளை மட்டும் ஆராய்ந்த சிஎம்எஸ் குழு, 28 ஜிஇவி அருகே ஒரு மேட்டைப் பார்த்தது. நிகழ்வுகளின் ஒரு வகையில் 4.2 சிக்மா, இன்னொரு வகையில் 2.9. 13 டிஇவி தரவில் முதல் வகை 2 சிக்மாவுக்கு இறங்கியது. இரண்டாவதில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. 2018-இல் எல்லா எண்களையும் அப்படியே வெளியிட்டார்கள். உங்கள் கோப்பில் தாரைத் தகவல் இல்லாததால் அந்த ஆய்வைத் திரும்பச் செய்ய முடியாது. ஆனாலும் 28-ஐச் சுற்றி ஒரு சன்னல் வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

இரண்டு ஃபோட்டான்களில் (ஒளித் துகள்களில்) 2015 டிசம்பரில் தெரிந்த 750 ஜிஇவி மேடும் அப்படித்தான். அதை விளக்க நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் அது மறைந்துவிட்டது.

ஒன்றும் கிடைக்காவிட்டாலும் வேலை முடியவில்லை. 30 ஜிஇவியில் ஒரு போலி முகட்டைக் கணினியில் செய்து தரவோடு கலந்து, உங்கள் முறை அதைப் பிடிக்கிறதா என்று சோதியுங்கள். அதன் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த உயரத்துக்குக் கீழே தவறவிடுகிறீர்களோ, ஏறத்தாழ அதுதான் உங்கள் தேடலின் எல்லை. 'இந்த நிறையில், இந்த அளவுக்கு மேல் எதுவும் இல்லை' என்று நீங்கள் எழுதும் ஒரு வரி முழுமையான அறிவியல் முடிவு. சிஎம்எஸ் குழுவே இசட்டின் பக்கத்தைத் தவிர்த்து 11.5 முதல் 200 ஜிஇவி வரை 13 டிஇவி தரவில் தேடி, புதிய மேடு எதுவும் இல்லாமல், இப்படிப்பட்ட எல்லைகளைத்தான் வெளியிட்டது.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் சிஎம்எஸ் கூட்டணியில் இருக்கிறது. இயற்பியல் எடுக்க நினைக்கும் பிள்ளைகள் அங்குள்ள துகள் இயற்பியல் மையத்தைப் பற்றி விசாரித்து வைப்பது நல்லது.

மியூவான் ஜோடி கைவந்த பிறகு, எல்எச்சியின் இன்னொரு கருவியான அட்லஸின் குழு 2020-இல் வெளியிட்ட 13 டிஇவி கல்வித் தரவுக்குப் போங்கள். அதில் இரண்டு ஃபோட்டான் நிகழ்வுகள் தனித் தொகுப்பாக இருக்கின்றன. 105 முதல் 160 ஜிஇவி வரை ஹிஸ்டோகிராம் போட்டு, பின்னணிக் கோட்டைப் பொருத்திக் கழியுங்கள். 125 அருகே மிஞ்சும் சிறு மேடு ஹிக்ஸ் துகள். பின்னணியோடு ஒப்பிட்டால் அது மிகவும் சிறியது, அதனால் கட்டங்களை 2 ஜிஇவிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.